அனுபவம்: இல்லை

எனக்குச் சட்டென்று கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக்கூடாது. வணிக நிர்வாகத்தில் சிறப்புப் பட்டம், இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. அதற்கு மேல் கணினி டிப்ளோமா, மனிதவள டிப்ளோமா, ஆங்கில டிப்ளோமா, எதற்கென்றே தெரியாமல் உளவள ஆலோசனையில் ஒரு சான்றிதழ். எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டுத் தூக்கிக்கொண்டு இரண்டு வருடத்தில் பதினொரு நேர்முகப் பரீட்சைக்குப் போய்வந்தேன். கண்டி, குருநாகல், தம்புள்ளை, கொழும்பு என்று ஊர்தான் மாறியதே தவிர கேள்வி மாறவில்லை. "வேலை அனுபவம் ஏதும் இருக்கா?"

"இல்லை" என்பேன். "சரி, அறிவிக்கிறோம்" என்பார்கள். ஒருவரும் அறிவிக்கவில்லை. வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும், இதுகூடத் தெரியாதவர்களை யார் அந்தக் கதிரையில் உட்கார வைத்தது என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனதுக்குள் திட்டித் தீர்ப்பேன். உக்குவளைச் சந்தியில் இறங்கும்போது கோபமெல்லாம் வடிந்து அழுகை முட்டிக்கொண்டு நிற்கும். உம்மா முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, ஒன்றும் கேட்காமல் சோற்றைப் போட்டுத் தருவார்.

ஆனால் அந்த "இல்லை" ஒரு பொய். அதை இப்போது சொல்ல முடிகிறது.

என் வாப்பா றஹீம், மிளகு வாங்குகிறவர். பட்டா என்று சொல்லும் ஒரு பழைய சின்ன லொறியில் நாலந்தாவரைக்கும், அந்தப் பக்கம் பல்லேகமவரைக்கும் வீடு வீடாகப் போய் மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கி, மாத்தளை டவுனில் பெரிய கடைகளுக்குக் கொடுப்பார். அவருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வராது. அதனால் எனக்குப் பதினான்கு வயதானதிலிருந்து அவருடைய போன் என் கையில்தான். எந்த வீட்டில் எந்த வாரம் மிளகு பறிப்பார்கள், யார் அரைகுறையாகக் காயவைத்துக் கொண்டுவந்து நீட்டுவார், யாரிடம் முதலில் பிள்ளைகுட்டிகளைப் பற்றி விசாரித்துவிட்டுத்தான் மிளகுப் பேச்சை எடுக்க வேண்டும், எல்லாம் எனக்கு அத்துப்படி. பல்லேகமக்காரர்களோடு சிங்களம், நாலந்தாப் பக்கம் தமிழ், டவுனில் இரண்டும். உயர்தரப் பரீட்சை முடிந்து பல்கலைக்கழகத்துக்குக் காத்திருந்த இரண்டு வருடமும் லொறியின் முன் சீட்டிலேயே கழிந்தது. வாப்பா இறங்கிப் பேசுவார். நான் உள்ளே இருந்துகொண்டே அடுத்த வீட்டுக்குப் போன் எடுப்பேன்.

இதெல்லாம் ஒரு வேலை என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றாதது மட்டுமா, வெட்கமாகவும் இருந்தது. பல்கலைக்கழகத்தில் முதல் வாரம், ஒவ்வொருவராக எழும்பித் தங்களை அறிமுகப்படுத்தச் சொன்னார்கள். ஒருத்தியின் தகப்பன் வங்கி முகாமையாளர், இன்னொருத்தியின் தகப்பன் அதிபர். என் முறை வந்ததும் வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது: "வாப்பா எக்ஸ்போர்ட் பிஸ்னஸ்."

எனக்கு அடுத்தபடியாக எழும்பியவள் துஷாரா. "நாலந்தா பக்கம். அப்பா தோட்டத்துல வேலை செஞ்சாரு, இப்ப வீட்டச் சுத்தி அரை ஏக்கர் மிளகு இருக்கு, அதப் பாத்துக்கிறாரு" என்று சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்தாள். அவள்மேல் எனக்கு அந்த நிமிடமே எரிச்சல் வந்தது. ஆனாலும் ஒரே மாவட்டம், ஒரே பஸ், ஒரே விடுதி அறை. இரண்டே மாதத்தில் அவள் இல்லாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது என்றாகிவிட்டது.

ஒன்றை மட்டும் கவனமாகப் பார்த்துக்கொண்டேன். அவள் எத்தனை தரம் கூப்பிட்டும் அவள் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. நாலந்தாப் பக்கம் வாப்பா மிளகு வாங்காத வீடு குறைவு. அவளையும் என் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் முற்றத்தில் நிற்கும் பட்டா லொறியை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

பட்டம் கிடைத்து இரண்டு வருடம் இருவருமே வீட்டில் இருந்தோம். அப்போதுதான் மாத்தளை டவுனுக்கு வெளியே ஒரு வாசனைத் திரவியக் கம்பெனி விளம்பரம் போட்டது. கள உத்தியோகத்தர் ஒருவர் தேவை, தோட்டக்காரர்களிடம் நேரடியாக மிளகு கொள்வனவு செய்யும் வேலை, வணிகப் பட்டதாரிகளுக்கு முன்னுரிமை. ஒரே ஒரு வெற்றிடம். நானும் போட்டேன், துஷாராவும் போட்டாள். இருவருக்கும் கடிதம் வந்தது.

எனக்கு அது கடைசி வாய்ப்பு. வாப்பாவுக்கு முழங்கால் தேய்ந்து லொறியில் ஏறி இறங்குவதே பெரும்பாடாக இருந்தது. உம்மாவின் அண்ணன், துபாயில் இருக்கும் ஷிஃபான் மாமா, எனக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டிருந்தார். மாப்பிள்ளை நல்லவர்தான், என்னை அங்கே கூட்டிக்கொண்டு போய்விடுவார். "இந்த ஒரு நேர்முகம் பார்ப்போம் மகள், இதுவும் சரிவராட்டி மாமாக்கு சரின்னு சொல்லுவோம்" என்று உம்மா மெதுவாகத்தான் சொன்னார். எனக்குப் போக விருப்பமில்லை. என் ஊரில், என் காலில் நிற்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

நேர்முகத்துக்கு முன் டவுனில் பட்டதாரிகளுக்கு ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். தலைப்பு: "தொழிற்சந்தைக்குத் தயாராகுதல்." கொழும்பிலிருந்து ஒரு சேர் வந்தார். கை குலுக்கும்போது எத்தனை தரம் ஆட்ட வேண்டும் என்று அரைமணி நேரம் விளக்கினார். பிறகு எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, "நான் ஒரு தலைவன்" என்று பத்துத் தரம் சொல்லச் சொன்னார். நான் மூன்றாவது தரமே கண்ணைத் திறந்து பார்த்தேன். துஷாரா கண்ணை மூடாமல் பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்தாளு மிளகுக் கொடியக் கண்ணால கண்டிருப்பாரா?" என்று என் காதுக்குள் கேட்டாள்.

அதற்குப் பிறகு நாங்களே பயிற்சி எடுப்பது என்று முடிவு செய்தோம். என் மச்சான் றினோஸின் போன் கடைக்கு மேலே ஒரு சாமான் அறை இருக்கிறது. அங்கே இரண்டு பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, அஸர் தொழுகைக்குப் பிறகு ஒருநாள் அவள் கேட்பாள், நான் பதில் சொல்வேன். மறுநாள் நான் கேட்பேன். ஒரே வேலைக்குப் போட்டி போடும் இருவர் இப்படி உட்கார்ந்து ஒருவரையொருவர் தயார்படுத்துவதைப் பார்த்து றினோஸ், "ஒங்களுக்கு மண்டையில ஏதும் பிழையா?" என்று கேட்டான். பதில் சொல்ல எங்களுக்கு நேரமில்லை.

ஒருநாள் துஷாரா கேட்டாள். "வேலை அனுபவம் இருக்கா?"

"இல்லை."

"ஒன்னுமே?"

"இல்லைன்னு சொன்னேன் தானே."

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. பல்லேகமவிலிருந்து பண்டா மாமா. நான் படியில் இறங்கி நின்று, குரலைத் தாழ்த்தி, இன்றைக்குப் பறிக்க வேண்டாம், மழை வரும்போல் இருக்கிறது, வெள்ளிக்கிழமை பறித்துச் சீமெந்துத் தரையில் நான்கு நாள் வெயிலில் போடுங்கள் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு மேலே வந்தேன்.

"யாருடி?"

"வாப்பாட எக்ஸ்போர்ட் ஆள்."

துஷாரா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் சுயவிபரக் கோவையை எடுத்தாள். "அனுபவம்: இல்லை" என்று இருந்த இடத்தைப் பேனையால் ஒரு கோடு போட்டு வெட்டினாள். "வீட்டுல என்ன செய்றியோ அத எழுது" என்றாள்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "வீட்டுல பீங்கான் கழுவுறேன், அதையா எழுத?"

"பீங்கான் கழுவுறத எழுதச் சொல்லல."

"அப்ப என்னத்த எழுதச் சொல்றா? நீ ஒன்ட வேலயப் பாரு."

அன்றைக்கு அவளைத் தனியாக பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து, வெட்டிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதுத் தாளில் மறுபடியும் "அனுபவம்: இல்லை" என்றே அச்செடுத்தேன். யாராவது அன்றைக்கு என்னை நாலு சாத்துச் சாத்தியிருக்க வேண்டும்.

நேர்முகத்துக்கு ஆறு பேர் வந்திருந்தார்கள். உள்ளே இரண்டு பேர். முகாமையாளர் ஒரு சிங்கள மேடம், கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு அதற்கு மேலால் பார்ப்பவர். பக்கத்தில் ஆளணி உத்தியோகத்தர் பலீல் சேர். முதலில் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். என் ஃபைலைப் புரட்டினார்கள். அதே கேள்வி வந்தது, அதே பதிலைச் சொன்னேன். மேடம் தாளில் என்னவோ சின்னதாகக் குறித்தார். பன்னிரண்டாவதும் போய்விட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்து, துபாயில் வெயில் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு இரண்டிரண்டு பேராகக் கூப்பிட்டார்கள். எனக்குச் சோடி துஷாரா. மேசையில் ஒரு சின்னப் பையில் மிளகு இருந்தது.

"ஒரு சின்ன நடிப்பு" என்றார் பலீல் சேர். "ஒருத்தர் எங்கட உத்தியோகத்தர். மத்தவர் தோட்டக்காரர். ஈரம் கூடிப்போச்சுன்னு அவர்ட மிளகத் திருப்பியாச்சு, அவர் கோவத்துல வந்தீக்கிறார். பத்து நிமிஷம். ஒரு தரம்தான், மாத்தி மாத்தி செய்ய நேரமில்ல. யார் யாருன்னு நீங்களே முடிவெடுங்க."

யாருக்கு உத்தியோகத்தர் பாத்திரம் கிடைக்கிறதோ அவருக்குத்தான் தன்னைக் காட்ட வழி. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதற்காகச் சண்டை போடவும் தயாராகத்தான் வாயைத் திறந்தேன்.

"நான் தோட்டக்காரர்" என்றாள் துஷாரா.

கத்துவது சுலபம், அதனால்தான் எடுத்துக்கொண்டாள் என்று நினைத்தேன். அல்லது கத்திக் குழப்பி என்னைக் கவிழ்க்கப் பார்க்கிறாள். அன்றைக்குச் சண்டை பிடித்ததற்குப் பழி. அப்படித்தான் என் புத்தி போனது, மறைக்கவில்லை.

அவள் தொடங்கினாள். ஆறு வருடத்தில் அவள் குரலை நான் அப்படிக் கேட்டதில்லை.

"மூட்டைய எல்லாரு முன்னாலயும் தரையில கொட்டுனீங்க தானே? கொட்டி, கால்ல தள்ளிக் காட்டுனீங்க தானே? ரெண்டு பஸ் மாறி இத நான் தோள்ல வச்சுக் கொண்டாந்தேன். என் ஊர்க்காரன் நாலு பேரு பாத்துக்கிட்டு நின்னாங்க. நான் என்ன திருடிக்கிட்டா வந்தேன்?"

"ஐயா, உங்கள் முறைப்பாட்டை நாங்கள் பதிவு செய்துகொள்கிறோம். அதற்கான படிவம்..."

"எழுதுங்க. எழுதி நீங்களே வச்சுக்கிங்க. நான் போயி கொடிய எல்லாம் வெட்டிப்போடுறேன், அதோட இந்தச் சனியன் முடிஞ்சிரும்."

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. நடிப்பு என்றால் இப்படியா நடிப்பாள்? மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் படித்த வாடிக்கையாளர் உறவு முகாமைத்துவம் எல்லாம் எந்தப் பக்கத்தில் இருந்தது என்றே ஞாபகம் வரவில்லை. ஆய்வுக் கட்டுரைகூட அதைப் பற்றித்தான் எழுதினேன், வாழ்க்கையில் இரண்டே தரம் போன ஒரு கொழும்பு சுப்பர் மார்க்கெட்டை வைத்து.

வேறு வழியில்லாமல் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். எழும்பி, என் கதிரையை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

"மொதல்ல ஒக்காருங்க. தண்ணி குடிச்சீங்களா?"

"தண்ணி வேணாம்."

"சரி. கொடி எதுல ஏத்தியிருக்கீங்க, முள்முருங்கையிலயா?"

துஷாராவின் குரல் தாழ்ந்தது. "முள்முருங்கையிலதான்."

"பறிச்சு எத்தன நாள் காஞ்சிச்சு?"

"மூணு நாள்."

"மூணு நாளும் வெயிலா? போன செவ்வாய் நாலந்தாவுல பின்னேரம் மழை தானே."

நான் பையிலிருந்து நாலைந்து மணியை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து ஊதினேன். பதரும் தூசியும் பறந்தன. ஒன்றை வாயில் போட்டுக் கடித்தேன். நன்றாகக் காய்ந்த மிளகு பல்லில் பட்டதும் உடையும். இது நசுங்கியது.

"மிளகு நல்ல மிளகு, மணி நெறஞ்சீக்கி. இன்னும் ஒன்டரை நாள் வெயில்தான் காணாது. இத மறுபடி தோள்ல தூக்கிக்கிட்டுப் போக வேணாம். எங்கட சீமெந்துத் தரையில, ஒங்க பேர எழுதி, தனியாக் காயப்போடுறேன். நாளண்டைக்கு நான் போன் பண்றேன், நீங்க வந்து ஒங்க கண் முன்னாலயே நிறுத்துப் பாருங்க. கொட்டினது எங்கட பிழை. அதுக்கு நான் மாப்புக் கேக்கிறேன். அடுத்த முறை பறிக்க முந்தி எனக்கு ஒரு கோல் அடிங்க, மழை பாத்து நான் நாள் சொல்றேன்."

துஷாரா விடவில்லை. நேராக என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். "இதெல்லாம் ஒங்களுக்கு எப்படித் தெரியும்? படிச்ச பிள்ளை. புஸ்தகத்துலயா இருக்கு?"

அந்தக் கேள்வி தோட்டக்காரர் கேட்டது இல்லை. அவள் கேட்டது. அறையில் மூன்று பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொய் சொல்லலாம் என்றுதான் முதலில் தோன்றியது. தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் கையில் மிளகு இருந்தது, வாயில் அதன் காரம் இருந்தது.

"எங்கட வாப்பா மிளகு வாங்குறவர்" என்றேன். "லொறியில வீடு வீடாப் போயி. பதினாலு வயசுல இருந்து அவருக்குப் போன் பேசுறது நான்தான்."

மேடம் என் தாளை எடுத்துப் பார்த்தார். "இது இதில் இல்லையே?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"இல்லை மேடம்" என்று நானும் சிங்களத்திலேயே சொன்னேன். "வெட்கப்பட்டு எழுதவில்லை."

அவர் சிரிக்கவில்லை. பேனையை எடுத்து, "இல்லை" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என்னவோ எழுதினார். பிறகு பல்லேகமவில் யார் யாரைத் தெரியும், எந்த மாதத்தில் எங்கே மிளகு வரும் என்று கேட்கத் தொடங்கினார். பத்து நிமிடம் என்றவர்கள் என்னை அரைமணி நேரம் விடவில்லை.

வெளியே வந்தபோது துஷாரா சந்தியில் உளுந்து வடை வாங்கித் தின்றுகொண்டு நின்றாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை.

"என்னத்துக்குடி அப்படிக் கேட்டா?"

"தோட்டக்காரன் கேக்க மாட்டானா? இந்தா, வடை சாப்பிடு."

"துஷாரா, நான் ஆறு வருஷமா ஒனக்குப் பொய் சொன்னேன். வாப்பா எக்ஸ்போர்ட் ஒன்டும் இல்ல."

"சரி விடு" என்றாள். "காரம் பத்தாது இந்த வடைல."

பத்து நாளில் கடிதம் வந்தது. அந்த வேலை எனக்குத்தான். உம்மா துபாய்க்குப் போன் எடுத்து, ஷிஃபான் மாமாவிடம் மெதுவாகச் சொன்னார். வாப்பா கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வாசிக்கத் தெரியாவிட்டாலும், நெடுநேரம் பார்த்தார். மகள் கம்பெனிக்கு வாங்குகிற இடத்தில் வாப்பாவும் வாங்கினால் பேச்சு வரும் என்று கம்பெனியே ஒரு வழி சொன்னது. வாப்பா பல்லேகமப் பக்கம் மட்டும் பதிவு செய்த சேகரிப்பாளர், எனக்கு நாலந்தாப் பக்கம். துஷாராவுக்கு மூன்று மாதம் கழித்துத் தம்புள்ளையில் மரக்கறிக் குளிர்களஞ்சியம் ஒன்றில் வேலை கிடைத்தது. அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அடுத்த மிளகுக் காலத்தில், கொள்வனவுப் பட்டியலில் ஒரு பெயர் வந்தது: காளிமுத்து, நாலந்தா. துஷாராவின் அப்பா. இந்தத் தடவை ஒளிவதற்கு எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. சந்தோஷமாகத்தான் போனேன்.

முற்றம் முழுக்கப் பாய் விரித்து மிளகு காய்ந்துகொண்டிருந்தது. துஷாராவின் அம்மா அழகாயி தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். காளிமுத்து அங்கிள் ஒரு கதிரையை எடுத்துவந்து துண்டால் தட்டிப் போட்டார்.

"றஹீம் நானா மகள் தானே" என்றார், எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற அதே "நானா"வோடு. "வாப்பாவுக்கு முழங்கால் எப்படி இருக்கு?"

கோப்பையைக் கீழே வைத்தேன். "வாப்பாவ ஒங்களுக்குத் தெரியுமா அங்கிள்?"

"தெரியுமாவா?" அவர் மனைவியைப் பார்த்தார். அழகாயி சிரித்தார். "ஏழு வருசத்துக்கு முன்ன, ஒரு எடத்துல என் மூட்டைய எல்லாரு முன்னாலயும் தரையில கொட்டித் திருப்பிட்டாங்க மகள். வீட்டுக்கு வந்து கத்தியத் தூக்கிட்டேன், கொடிய எல்லாம் வெட்டிப்போட. அன்னைக்கு அந்த நேரம் பாத்து உங்க வாப்பா லொறி வந்து நின்னுச்சு. அவரு ஒன்னும் சொல்லல. கத்திய வாங்கி வச்சாரு, இந்தா இப்படி ஒக்காந்தாரு, ரெண்டு மணி எடுத்துக் கடிச்சுப் பாத்தாரு. நல்ல மிளகு, ஒன்டரை நாள் வெயில் காணாதுன்னாரு. ரெண்டு நாள் கழிச்சு அவரே திரும்பி வந்து வாங்கிட்டுப் போனாரு. எங்ககிட்ட போன் இல்ல, அன்னையிலேருந்து எல்லாக் காலமும் அவராவே வருவாரு."

"நீங்க வண்டிக்குள்ள இருந்து போன் பேசிக்கிட்டே இருந்தீங்க" என்றார் அழகாயி. "துஷாதான் ஒங்களுக்குத் தேத்தண்ணி கொண்டாந்து குடுத்திச்சு."

எனக்கு அந்தத் தேத்தண்ணி ஞாபகம் இல்லை. கோப்பையை நீட்டிய கையும் ஞாபகம் இல்லை. நான் போனிலிருந்து தலையைத் தூக்கியிருக்கவே மாட்டேன்.

"அப்ப... நான் கெம்பஸ்ல சேர்ந்த நேரமே துஷாராக்குத் தெரியுமா?"

"மொத வாரமே வந்து சொல்லிச்சே, அந்த நானா மகள் என் பெட்ச்சுலதான்மான்னு. நல்லதாப் போச்சு, கூட்டிட்டு வான்னேன். இல்லம்மா, அதுக்கு என்னமோ வெக்கமா இருக்கு, அதுவா சொல்லும், அதுவரைக்கும் நீங்க யாரும் காட்டிக்கக் கூடாதுன்னு சொல்லிருச்சு."

காளிமுத்து அங்கிள் மிளகைக் காலால் மெதுவாகக் கிளறிக்கொண்டே சொன்னார். "பட்டமளிப்பு அன்னைக்குக்கூட, நீங்க எங்கள அறிமுகப்படுத்துனீங்க. இது எங்கட வாப்பா, எக்ஸ்போர்ட்னு. ரெண்டு பேரும் கை குடுத்துக்கிட்டோம். சந்தோசம் ஐயான்னு நான் சொன்னேன், சந்தோசம் ஐயான்னு அவரும் சொன்னாரு. அடுத்த கெழம மிளகுக்கு வந்தப்ப இதே எடத்துல ஒக்காந்து ரெண்டு பேரும் சிரிச்சோம்."

சிரித்தார்களாம். என் வாப்பா ஒருவேளை சிரித்திருப்பார். கடன் வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு, நாலு வருடமாகத் தேத்தண்ணி வாங்கிக் குடித்த மனிதரிடம் முதல் முறை பார்ப்பது போலக் கை குலுக்கிவிட்டு, என் முகத்தைப் பார்த்திருப்பார், நான் சந்தோஷமாக இருக்கிறேனா என்று.

நான் கதிரையில் உட்கார்ந்தபடி அழத் தொடங்கினேன். உத்தியோகபூர்வ விஜயத்தில் கள உத்தியோகத்தர் இப்படி அழக்கூடாது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை.

காளிமுத்து அங்கிள் பதறிப்போனார். "என்ன மகள், மிளகு சரியில்லையா?"

"மிளகு நல்லா ஈக்கி அங்கிள். ரொம்ப நல்லா ஈக்கி."

துஷாராவுக்குப் போன் எடுத்தேன். பின்னால் குளிர்களஞ்சியத்தின் இரைச்சல் கேட்டது. "நீ ஏன்டி அன்னைக்குத் தோட்டக்காரர எடுத்தா?" என்றேன், வேறு எதையும் கேட்க முடியாமல்.

அவளுக்கு நான் எங்கே நிற்கிறேன் என்று விளங்கிவிட்டது. "எனக்கு வேற வேல கெடைக்கும்டி" என்றாள். "எங்கப்பாக்கு ஒன்ன மாதிரி ஒருத்தி கெடைக்க மாட்டா. அந்த ரூமுக்குள்ள வரைக்கும் நானும் போட்டிக்குத்தான் வந்தேன், நெசமா. மேசையில அந்த மிளகப் பாத்தேன் பாரு, அப்பத்தான்."

நன்றி என்று சொன்னேன். அழுகைக்கு நடுவே நாலைந்து தரம் சொன்னேன். "சரி சரி, லோட் வந்திருச்சு, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டாள். அவளிடம் அதைச் சொல்லி முடியாது. இந்த வேலையும், இந்த ஊரில் நான் நிற்கிற இடமும் அவள் எழும்பி விட்டுக்கொடுத்தது. எத்தனை டிப்ளோமா எடுத்தாலும் எனக்கு அது வந்திருக்காது.

பிறகு வாப்பாவுக்கு எடுத்தேன்.

"வாப்பா, நான் நாலந்தாவுல ஈக்கிறேன். காளிமுத்து அங்கிள் வீட்டுல."

மறுபக்கம் லொறி இன்ஜினை அணைப்பது கேட்டது.

"எல்லாம் சொன்னாரா?"

"சொன்னார் வாப்பா. என்ன மன்னிச்சிடுங்க."

"அதெல்லாம் ஒன்டும் இல்ல மகள்" என்றார். அப்புறம் என்னிடம் அனுமதி கேட்பவர் போலக் கேட்டார். "அப்ப இனி அவர எனக்குத் தெரியும்னு சொல்லலாமா?"

போனைக் காளிமுத்து அங்கிளிடம் நீட்டினேன். அவர் கையைத் துண்டில் துடைத்துவிட்டு வாங்கி, காதில் வைத்து, "நானா, எப்ப வாறீங்க?" என்றார்.